உறிஞ்சும் பக்கம்

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் லாமிங்டன் ரோடு கூப்பிடு தூரம். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் டாக்ஸிக்காரரிடம் லாமிங்டன் ரோடு என்று சொன்னால்தான் வண்டி நகரும். ரிலே, ரெசிஸ்டர், கேமரா, சோல்டரிங் கம்பி என்று மின்னணுச் சாமான் அத்தனையையும் அலமாரி அகலக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தெரு அது. நான் அங்கே தேடிப் போனது ஒரு பம்ப். உள்ளங்கையில் அடங்க வேண்டும், 12 வோல்ட்டில் ஓட வேண்டும், கொதிநீரைத் தாங்க வேண்டும்.

சிங்கப்பூரில் என் வீட்டுச் சமையலறையில் பியர் காய்ச்சுகிறேன். அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம், சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, ஒன்றிரண்டாக உடைத்து 65, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். இறங்கி வரும் இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அதை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஊறும்போது சாற்றைச் சுற்றிவிட, கொதித்ததை இடம் மாற்ற, பிறகு ஆறவைக்க என்று பம்புக்கு மூன்று வேலை. 20 லிட்டர் கொதிக்கும் சாற்றை அண்டாவோடு தூக்கி ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். அதில் கால் வெந்தவரையும் தெரியும்.

மும்பைக்கு வரச் சொன்னது செம்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன். குடிநீர் ஆர்ஓ மெஷின் பழுது பார்ப்பது அவன் தொழில். "அண்ணே, சின்ன பம்புன்னா இந்த ஊருதான். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். காய்ச்சுவதற்கு வரவில்லை, பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் மட்டுமே வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். குடிப்பதற்கே பர்மிட் கேட்கும் சட்டம் அது. ஆகவே செம்பூரில் நாங்கள் செய்த சோதனை எல்லாம் வெறும் தண்ணீரை வைத்துத்தான்.

லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் தட்டில் பம்புகளைப் பரப்பினார். விலை குறைந்தது, ஏர் கூலருக்குள் கிடக்கும் 18 வாட் முங்கு பம்ப். 165-லிருந்து 240 வோல்ட் வரை ஓடும், 1.85 மீட்டர் உயரம் ஏற்றும் என்று முதுகிலேயே அச்சடித்திருக்கும். அடுத்தது ஆர்ஓ மெஷினின் பூஸ்டர் பம்ப், 24 வோல்ட். உள்ளே ரப்பர் சவ்வு மேலும் கீழும் அடித்துத் தள்ளும் வகை. மூன்றாவது பெரிஸ்டால்டிக். சிலிக்கான் குழாயை உருளைகள் பிதுக்கிக்கொண்டே போகும், குழாயைத் தவிர வேறெதுவும் திரவத்தைத் தொடாது. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம், ஆனால் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வருகிற சின்னதை வைத்து 20 லிட்டரை மாற்றி முடிப்பதற்குள் மூன்று மணி நேரம் போய்விடும். நாலாவதுதான் நான் தேடி வந்தது, 12 வோல்ட் காந்த பம்ப். அரை அங்குல மரை, 100 டிகிரி வரை தாங்கும் என்ற குறிப்பு, நிமிடத்துக்கு 8 லிட்டர், 5 மீட்டர் உயரம்.

பூஸ்டர் பம்பில் ஒரு விஷயத்தைத் தம்பி விளக்கினான். அதன்மேல் 75 ஜிபிடி என்று போட்டிருக்கும். நாளைக்கு 75 கேலன், அதாவது 284 லிட்டர் சுத்தத் தண்ணீர் என்ற கணக்கு. அது இந்த பம்ப் எந்த அளவு வடிகட்டும் மெம்பிரேனுக்குப் பொருந்தும் என்று சொல்வதே தவிர, பம்பை வெறுமனே ஓட்டினால் வரும் வேகம் அல்ல. வெறுமனே ஓட்டினால் அதைவிட நிறைய வரும். அழுத்தமும் அதிகம், தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் சிறு வால்வுகளில் ஒரு உமி சிக்கினாலும் போதும், நின்றுவிடும். சூடும் அதற்கு ஆகாது. பார்லி உமியும் கொதிநிலையும் உள்ள வேலைக்கு அது பொருந்தாது.

கடைக்காரர் விலை சொல்லத் தொடங்கும்போது தம்பி என் கையை அழுத்தினான். "இப்ப வேண்டாம்ணே. தாராவியில அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட காட்டிட்டு வாங்குவோம்."

ஸ்லோ வண்டியில் மாஹிம் போய் இறங்கி, பாலம் ஏறி இறங்கி 60 அடி ரோடு வழியாக உள்ளே நடந்தோம். என் பெரியப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியது இந்தத் தெருக்களில்தான். தோல் பதனிடும் வேலை அந்த மாவட்டத்துக்காரர்கள் பலரை இங்கே இழுத்தது. 90 அடி ரோட்டில் பொங்கல் சமயத்தில் குவியும் பானைகள் பக்கத்துக் கும்பர்வாடாவில் குஜராத்திக் குயவர்கள் வனைந்தவை. பெயர்ப் பலகையில் பாதி தமிழ்.

அண்ணாச்சியின் கடை காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டார்களின் செப்புக் கம்பியைப் பிய்த்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். வாசலில் அரைக் குதிரைத்திறன் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. நான் விஷயத்தைச் சொன்னேன். "உள்ள என்ன ஓடப் போவுது, எவ்வளவு சூட்டுல ஓடப் போவுது, அதச் சொல்லுங்க மொதல்ல. ரேட்டு அப்புறம்" என்றார். சொன்னேன். மேசைக்கடியிலிருந்து செத்துப்போன காந்த பம்ப் ஒன்றை எடுத்து, நாலு திருகாணியைக் கழற்றித் தலையைப் பிரித்தார்.

அதுவரை படத்தில் மட்டும் பார்த்ததைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் இருக்கும் அறைக்கும் மோட்டார் சுருளுக்கும் நடுவில் துளையே இல்லாத பிளாஸ்டிக் கிண்ணம். சுழலும் இறக்கையின் வால் முழுக்கக் காந்தம், வழவழவென்ற பீங்கான் தண்டின்மேல் அது செருகியிருக்கிறது. கிண்ணத்துக்கு வெளியே சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாய, உள்ளே காந்தம் சுற்றுகிறது. தண்டு எதையும் துளைத்து வெளியே வராததால் சீல் கிடையாது, சீல் இல்லாததால் கிரீஸ் கிடையாது, ஒழுக்கும் கிடையாது. குடிக்கிற பொருளுக்கு இதைவிட நல்ல அமைப்பு இந்த விலையில் இல்லை. அதற்கு வேண்டிய மசகு அதில் ஓடும் தண்ணீரேதான். அண்ணாச்சி காட்டிய பம்பில் தண்டைச் சுற்றி பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது. "தண்ணி இல்லாம ஓட்டிருக்கான். இது தானா இழுக்காது, நாமதான் நெறச்சிக் குடுக்கணும்" என்றார்.

பிறகு வாசலில் கிடந்த மோட்டார்களைப் பற்றிக் கேட்டேன். இந்தச் சந்துகளில் மாநகராட்சித் தண்ணீர் நாளில் சில மணி நேரம்தான் வரும். வருகிற நேரத்தில் சந்து முழுக்க மோட்டார் சத்தம். குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டக் கூடாது என்பது விதி. மாட்டாவிட்டால் தண்ணீர் வராது என்பது அங்குள்ளவர்களின் அனுபவம். ஒரு வீடு மாட்டினால் அடுத்த வீடும் மாட்டியாக வேண்டும். சந்தின் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிட்டால், சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் இருக்கும் விரிசல் வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே ஏறும். தள்ளுகிற அழுத்தம் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். உறிஞ்சும்போது வெளியே இருப்பது உள்ளே வருகிறது. வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாகவும் சந்துக்குள் நுழைகின்றன. இது குடிப்பவர்களின் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. போதிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் அந்த மோட்டார்களுக்கு வேலையே இல்லை.

என் சமையலறைச் சிக்கலும் இதே உறிஞ்சும் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்தது. பம்ப் தண்ணீரை இழுப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை அங்கே தள்ளிக்கொண்டு வருகிறது. கடல்மட்டத்தில் காற்றுக்கு அந்த வலு 10 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேல் வரை உண்டு. அது குளிர்ந்த தண்ணீருக்கு. தண்ணீர் சூடாக ஆக அந்த உயரம் குறைந்துகொண்டே வந்து, கொதிநிலையில் ஒன்றுமில்லாமல் போகும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே கொதிநீர் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள முயலும். வேகம் விழும், இறக்கை அதிரும். அதனால் பம்பை அண்டாவுக்குக் கீழே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும். உள்ளே வரும் குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வால்வை வெளியேறும் பக்கத்தில்தான் திருக வேண்டும். உள்ளே வரும் பக்கத்தைத் திருகினால் உறிஞ்சலைக் கூட்டியதாகிவிடும்.

வீட்டில் காய்ச்சுவது என்றதும் அண்ணாச்சி ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினார். தாராவிக்காரருக்கு அந்தச் சொல்லின் பின்னால் வேறு நினைவுகள் உண்டு. முழு மதுவிலக்குக் காலத்தில் மாஹிம் ஓடையை ஒட்டிய சதுப்பில் வெல்லத்தையும் நவச்சாரத்தையும் பீப்பாயில் ஊறப்போட்டு ஹாத்பட்டிச் சாராயம் வடித்தார்கள். டயர் டியூபில் அடைத்து ஊருக்குள் கொண்டுபோனார்கள். விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கத் தொடங்கிய தூத்துக்குடி வரதராஜ முதலியார் அந்த வியாபாரத்தில்தான் வரதாபாய் என்ற தாதா ஆனார். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் விஷச் சாராயம் குடித்து 100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குக் காரணம் தொழிற்சாலை மெத்தனால். பார்லிச் சாற்றை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது ஆபத்தான அளவில் மெத்தனால் உண்டாவதில்லை, நான் எதையும் வடிப்பதும் இல்லை என்று அண்ணாச்சியிடம் விளக்கினேன். தலையசைத்தார். ஏழைகள் செத்த கதையின் நிழல் இந்தப் பொழுதுபோக்கின்மேல் இந்த ஊரில் விழத்தான் செய்யும், அது நியாயமும்கூட.

சயான் வரை நடந்து, ரயிலேறி ஒரு ஸ்டேஷன் தள்ளி மாட்டுங்காவில் இறங்கினோம். மாட்டுங்காவுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது முடியாத காரியம். 1942-லிருந்து நடக்கும் ராம நாயக் உடுப்பி கிருஷ்ணா போர்டிங்கில் வாழை இலைச் சாப்பாடு, பிறகு வெயில் தாழக் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் காப்பி. நடுவில் பாத்திரக்கடையில் மூடியோடு ஒரு எவர்சில்வர் அண்டா பார்த்தோம். ஏசி, ஃப்ரிட்ஜ் சாமான் விற்கும் கடையில் விரல் பருமன் செப்புக் குழாய்ச் சுருள் 15 மீட்டர் வாங்கினேன். அந்தக் குழாயைச் சுருளாக அண்டாவுக்குள் இறக்கி, அதனுள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுச் சாற்றை ஆறவைப்பது வழக்கம்.

ஐரோப்பியப் புத்தகங்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே ஓடவிடச் சொல்கின்றன. சிங்கப்பூரிலும் மும்பையிலும் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரியில் வரும். அதைவிடக் கீழே சாறு எப்படி இறங்கும்? நல்ல பியர் ஈஸ்டுக்கு 20 டிகிரி வேண்டும். இங்கேதான் லாமிங்டன் ரோட்டில் நான் ஒதுக்கிய 18 வாட் கூலர் பம்ப் முதல் மரியாதை பெறுகிறது. வாளியில் ஐஸ் தண்ணீர், அதில் முங்கிய பம்ப், அதன் வாயில் செப்புச் சுருள். பம்ப் சாற்றைத் தொடுவதில்லை, சூட்டைத் தொடுவதில்லை, எந்த பிளாஸ்டிக்கில் செய்தது என்ற கவலை இல்லை, முங்கியே இருப்பதால் உறிஞ்சும் தொல்லையும் இல்லை. மலிவான பம்புக்கு ஏற்ற வேலை இது.

காப்பி ஆறும் வரை தம்பியும் நானும் கணக்குப் போட்டோம். 20 லிட்டரை 40 டிகிரியிலிருந்து 20-க்கு இறக்க வேண்டிய வெப்பத்தை 5 கிலோ ஐஸ் உருகும்போது வாங்கிக்கொள்ளும். 100-லிருந்தே ஐஸை ஓட்டினால் நாலு மடங்கு வேண்டும். ஆகவே 40 வரை குழாய்த் தண்ணீர், அதற்குப் பிறகுதான் ஐஸ். தொடக்கத்தில் சுருளிலிருந்து வெளியேறும் தண்ணீர் கையைச் சுடும். அதை வாளிக்குத் திருப்பாமல் தனியாகப் பிடித்துப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம். தாராவியைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அதைச் சாக்கடையில் விட மனம் வராது.

மறுபடி லாமிங்டன் ரோடு போய் இரண்டு பம்புகளையும் வாங்கினோம். செம்பூர் வீட்டில், சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டம் கீழே நடந்துகொண்டிருக்க, தம்பியின் பால்கனியில் சோதனை.

முதலில் மின்சாரம். காந்த பம்பின் முதுகில் ஒன்றரை ஆம்பியருக்குள்தான் எழுதியிருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் அடாப்டர்களைப் பார்த்தோம். ரவுட்டருடையது 12 வோல்ட்தான், ஆனால் 1 ஆம்பியர். கிளம்பும்போதே திணறும். பழைய லேப்டாப்புடையதில் ஆம்பியர் தாராளம், ஆனால் 19 வோல்ட், 12 வோல்ட் பம்பை எரித்துவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி நல்ல தீர்வு. பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் பெட்டி விழித்துக்கொள்ளும், மஞ்சளில் 12 வோல்ட் வரும். ஆனால் தம்பி அதை விடச் சொன்னான். "பழசுல கண்டென்சர் எந்த நெலமையில இருக்குன்னு தெரியாதுண்ணே." விளம்பரப் பலகை எல்ஈடிக்குப் போடும் 12 வோல்ட், 5 ஆம்பியர் புதுப் பெட்டியே போதும் என்று முடிவாயிற்று. பம்ப் கேட்பதைவிட மூன்று மடங்குக்கு மேல், சூடாகாமல் ஓடும். சிவப்பும் கறுப்பும் இடம் மாறக் கூடாது. பிரஷ் இல்லாத இந்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றாது, உள்ளிருக்கும் சர்க்யூட்தான் போகும்.

எர்த் விஷயத்தில் அவன் மிகக் கண்டிப்பு. சால் எனப்படும் பழைய வரிசைக் குடியிருப்புகள் பலவற்றில் மூன்றாவது துளை பிளக்கில் இருக்கும், அதற்குப் பின்னால் வயர் இருக்காது. இரும்புப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸை எர்த் இல்லாமல் ஈரத் தரைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. சுவரில் உயரத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் பெட்டி. அங்கிருந்து கீழே வருவது 12 வோல்ட் மட்டும். கூலர் பம்ப் 230 வோல்ட்டிலேயே வாளிக்குள் கிடப்பதால் மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அதைப் போடவே கூடாது. இருக்கிற வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஐஸ் வாளியில் கை விட வேண்டும்.

அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பம்பை முதலில் மேடையில், அண்டாவின் அடிமட்டத்துக்கே வைத்து ஓட்டினோம். சட்டியில் கடலை வறுபடுவதுபோல் ஒரு சத்தம், சிலிக்கான் குழாயில் குமிழ் குமிழாக விட்டுவிட்டு வந்தது தண்ணீர். நிறுத்தி, பம்பைத் தரைக்கு இறக்கி, குழாயைக் குறுக்கி, அண்டாவின் வால்வை முழுக்கத் திறந்து, பம்புக்குள் தண்ணீர் தானாக இறங்கி நிறைந்தபின் மறுபடி போட்டோம். சத்தம் அடங்கியது. மேடைக்கு மேலே வைத்த 10 லிட்டர் வாளி இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தது. தம்பி வெளியேறும் பக்க வால்வைப் பாதி மூடினான். வேகம் குறைந்ததே தவிர பம்ப் முனகவில்லை.

இந்த வேலைக்கு சிலிக்கான் குழாயே வேண்டும். சாதாரண பிவிசி குழாய் கொதிநீரில் துவண்டு, உறிஞ்சும் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் இறங்கும். காய்ச்சி முடித்த கையோடு வெந்நீர் ஓட்டிக் கழுவி, தலையைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். சர்க்கரைச் சாறு ஒரு ராத்திரி உள்ளே நின்றாலும் புளித்துவிடும். ஹாப்ஸ் சக்கையைத் துணிப்பையில் கட்டித்தான் அண்டாவில் போட வேண்டும். இந்தக் கிண்ணத்தின் இடுக்கு அவ்வளவு சிறியது.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். லாமிங்டன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், வாரநாளில் போங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் பம்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் கடைக்காரர் கேட்டவுடன் பின்பக்கம் போய் வாளியோடு வந்தார்.